இருவாட்சியும் வேங்கையும் ஒரே வீட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சேர்ந்து எழுதி வரையும் தமிழ்ப் படக்கதையில், ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு சூப்பர் ஹீரோ அணிகள் ஒரே விண்வெளி நிலையத்தில் குடியிருக்க வேண்டி வருகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளும், அவர்களைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாமாரும் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறோம். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இருவாட்சி அணி கித்தா (ரப்பர்) தோட்டத்துப் பிள்ளைகள். வேங்கை அணி செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள். அணிக்கு ஐந்து பேர். பந்துத் திடலில் ஆரம்பித்த பகை, சக்தி கிடைத்த பிறகு வானம் வரை போய்விட்டது. ஆளுக்கொரு நிலையம் கட்டிக்கொண்டார்கள். ஒரு அணி யாரையாவது காப்பாற்றப் புறப்பட்டால் மற்ற அணி முந்திக்கொண்டு போய் நிற்கும். ஒரு நாள் விண்குப்பை மோதி வேங்கைகளின் நிலையம் கிழிகிறது. தப்பியது எந்திர அறை ஒன்றுதான். அதை ஓட்டிக்கொண்டு வந்து இருவாட்சிகளின் நிலையத்தோடு இணைத்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது ஐந்து பேருக்கான படுக்கை, ஒரு கழிவறை, பூமிக்குத் திரும்ப ஏழே இருக்கை உள்ள ஒரு கலம். ஆட்களோ பத்துப் பேர். அடுத்த கலம் வரப் பல மாதம் ஆகும்.

ஒரு குப்பைத் துண்டு நிலையத்தையே கிழிக்குமா?

கிழிக்கும். பூமியை 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் எதுவும் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் வரும் சிறு ஆணியும் துப்பாக்கிக் குண்டைவிட மோசமானது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் இரிடியம் செயற்கைக்கோள் ஒன்றும், செயலிழந்து கிடந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் ஒன்றும் சைபீரியாவுக்கு மேலே மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. 2016இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தின் சன்னல் கண்ணாடியில் 7 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்த படம் வெளியானது. அதைச் செய்தது பெயிண்ட் துணுக்கு அளவே உள்ள ஏதோ ஒன்றாக இருக்கலாம் என்றார்கள்.

இறகனுக்குத்தான் பறக்கத் தெரியுமே, கீழே போய் உதவி கேட்கலாமே?

சிறு பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நிலையத்தைவிட்டு வெளியே வந்தாலும் அவனுக்கும் அதே 28,000 கிலோமீட்டர் வேகம் இருக்கும். அந்த வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் இறங்கினால் முன்னால் இருக்கும் காற்று நசுங்கிச் சூடேறி 1,500 டிகிரியைத் தாண்டும். விண்கலத்துக்கு வெப்பக் கவசம் உண்டு. இறகனுக்குத் தோல் மட்டும்தான். ஒருவருக்கு ஒரு சக்திதான் என்பது எங்கள் கதையின் முதல் விதி. பறப்பவனுக்கு வெந்துபோகாத உடம்பும் கொடுத்தால் கதை இரண்டாவது பக்கத்திலேயே முடிந்துவிடும்.

நடுவில் கோடு போட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டால் என்ன?

அதைத்தான் முதலில் செய்கிறார்கள். வேங்கைகள் சிவப்பு டேப்பை எடுத்து நடுக்கூடத்தில் சுற்றி ஒட்டுகிறார்கள். சுவர், கூரை, தரை என்ற பேதம் அங்கே இல்லாததால் கோடு ஒரு வளையமாகவே முடிகிறது. இரண்டாவது அத்தியாயத்தின் முதல் பெரிய படம் அந்தச் சிவப்பு வளையம்தான். ஆளுக்கொரு பக்கம் மிதந்துகொண்டு முறைக்கிறார்கள்.

கோடு ஏன் நிற்கவில்லை என்பதற்கு உண்மை நிலையமே பதில். அனைத்துலக விண்வெளி நிலையத்தின் முதல் துண்டு ஸார்யா. 1998 நவம்பர் 20இல் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. கட்டியது ரஷ்யா, பணம் கொடுத்தது அமெரிக்கா. அடுத்த மாதமே அமெரிக்காவின் யூனிட்டி போய் அதோடு இணைந்தது. இன்றைக்கும் அங்கே ரஷ்யப் பகுதி, அமெரிக்கப் பகுதி என்று இரண்டு உண்டு. மின்சாரத்தில் பெரும்பங்கு அமெரிக்கப் பகுதியின் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. நிலையத்தைத் தள்ளி உயர்த்தும் வேலையைப் பெரும்பாலும் ரஷ்யப் பகுதி செய்துவந்திருக்கிறது. அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று இருப்பதால் நிலையம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது தள்ளி ஏற்றாவிட்டால் ஒரு நாள் விழுந்துவிடும். மின்சாரம் இல்லாமல் ஒரு பக்கம் வாழாது, உந்துவிசை இல்லாமல் மறுபக்கம் நிலைக்காது.

நாங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். விளக்கும் மின்விசிறியும் இருவாட்சிகளுடையவை. எந்திரம் வேங்கைகளுடையது. கோபத்தில் ஒரு அணி மின்சாரத்தை நிறுத்துகிறது. பதிலுக்கு மற்ற அணி எந்திரத்தை இயக்க மறுக்கிறது. உயரம் குறைந்துகொண்டே வருவதைப் பத்துப் பேரும் ஒரே திரையில் பார்க்கிறார்கள். இரண்டு அணியும் நேருக்கு நேர் பேசும் முதல் வசனம் அங்கேதான் வருகிறது: "விழுந்தா ரெண்டு பேரும்தான்லா விழுவோம்."

கழிவறைக்காக ஒரு முழு அத்தியாயமா?

ஆமாம், அதைக் குறைக்கப் போவதில்லை. எடை தெரியாத இடத்தில் எதுவும் தானாகக் கீழே போகாது. காற்றால் உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். உறிஞ்சும் விசிறி கெட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளிடம் சொன்ன அன்று சிரிப்பு அடங்கவே இல்லை.

இதிலும் நிஜம் எங்களுக்கு முன்னால் போய்விட்டது. 2009இல் ரஷ்ய விண்வெளி வீரர் கெனாடி படால்கா ஒரு பத்திரிகைப் பேட்டியில் மனம் வருந்திப் பேசினார். மேலே அமெரிக்கர்களும் ரஷ்யர்களும் அவரவர் கழிவறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கீழே இருக்கும் அதிகாரிகள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், உடற்பயிற்சிக் கருவியிலும் அப்படித்தான், இதனால் குழுவின் உற்சாகம் குறைகிறது என்றார். மேலே இருந்தவர்களுக்குள் சண்டை இல்லை. செலவை யார் ஏற்பது என்ற கணக்கு கீழிருந்து வந்தது. இதைப் படித்த பிறகுதான் எங்கள் கதையிலும் பூமியில் உட்கார்ந்து உத்தரவு போடும் இரண்டு தலைமையகங்களைச் சேர்த்தோம்.

ஊற்று என்ற நாயகி தண்ணீரை உருவாக்குவாளா?

மாட்டாள். இருக்கும் தண்ணீரை நகர்த்துவாள், அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாட்டுக்காகப் பிள்ளைகளோடு நாங்கள் நன்றாகவே வாதாடினோம். தண்ணீர் அளவோடு இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாழ்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் பொதுக்குழாயடியில் வாளி வைத்து இடம்பிடித்த கதையைச் சொல்வார். யார் வாளி முன்னால், யார் வாளி பின்னால் என்பதில்தான் பாதிச் சண்டை பிறந்தது, பாதிக் கல்யாணமும் அங்கேதான் பேசி முடிந்தது.

நிஜ நிலையத்தில் மூச்சு ஈரம், வியர்வை, சிறுநீர் எல்லாம் சுத்திகரிக்கப்பட்டுத் திரும்பக் குடிதண்ணீராகிறது. 2023இல் அந்த மீட்பு 98 விழுக்காட்டை எட்டியதாக நாசா அறிவித்தது. அப்படியென்றால் வேங்கைகளின் வியர்வையை இருவாட்சிகள் குடிக்கிறார்கள், இருவாட்சிகளின் மூச்சை வேங்கைகள் குடிக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவள் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி. அந்த வசனத்தை அவள் சொன்னபடியே கதையில் வைத்திருக்கிறோம்.

கனலி நெருப்பை மூட்டிக் குளிர் காயலாமே? விண்வெளி குளிர்தானே?

வெளியே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் சூடு சுலபமாகப் போகாது, கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். பத்து உடம்பும் அத்தனை கருவிகளும் கக்கும் சூட்டை எப்படி வெளியே தள்ளுவது என்பதுதான் நிலையத்தின் பெரிய தலைவலி. நிஜ நிலையத்தில் உள்ளே ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே ஓடும் அம்மோனியாவிடம் கொடுக்கும். அம்மோனியா அதை அகன்ற வெள்ளைத் தகடுகளுக்குக் கொண்டுபோக, தகடுகள் இருண்ட வானத்தை நோக்கிச் சூட்டை விட்டுவிடும்.

ஆகவே வேங்கைகளின் மிகப் பெரிய ஆயுதமான கனலிதான் வீட்டுக்குள் மிக ஆபத்தான ஆள். கோபம் வந்தால் அவள் உள்ளங்கை சிவக்கும், உடனே அறையில் எச்சரிக்கை மணி அடிக்கும். ஆறாவது அத்தியாயத்தில் ஒரு தகட்டில் அம்மோனியா கசிகிறது. கனலி தன் படுக்கைப் பைக்குள் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு, சூடு ஏறாமல் மூச்சை அடக்கிக் கிடக்கிறாள். வெளியே போய்த் தகட்டைச் சரிசெய்பவன் இறகன். அதுவரை அவள் பெயரைக்கூடச் சொல்லாதவன் திரும்பி வந்து, "கனலிக்கா, இப்ப மூச்சு விடுங்க" என்கிறான்.

வேங்கை அணிப் பாறையின் பலத்துக்கு அங்கே என்ன வேலை?

தொடக்கத்தில் ஒன்றுமில்லை. கால் ஊன்ற இடம் இல்லாமல் ஒரு பெட்டியைத் தள்ளினால் பெட்டி ஒரு பக்கம் போகும், பாறை மறுபக்கம் போவான். போதாததற்கு எடையில்லாத வாழ்க்கையில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்குச் சுமார் ஒரு விழுக்காடு குறையும். அதனால்தான் நிஜ வீரர்கள் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். நிலையத்தில் ஒரே ஒரு ஓட்டக் கருவி, அதுவும் இருவாட்சிகளுடையது. பாறை வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரிடம் அனுமதி கேட்கிறான்.

எல்லாரும் எப்போது தூங்குவார்கள்?

நிலையம் பூமியை ஒரு சுற்றுச் சுற்ற 90 நிமிடம். ஒரு நாளில் 16 சூரிய உதயம் பார்க்கலாம். விடிந்தது, இருட்டியது என்று வைத்துக்கொண்டு வாழ முடியாது. நிஜ நிலையத்தில் கிரீன்விச் நேரத்தை ஒட்டிய ஒரே கடிகாரம்தான் எல்லாருக்கும். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டும் நம் பெரட்டு மணியைப் போல என்று ஒரு தாத்தா சொன்னார்.

ஆனால் எனக்குப் பிடித்த காட்சி செவியனுடையது. இருவாட்சி அணியின் செவியனுக்கு எறும்பு நடப்பதும் கேட்கும். விண்வெளி நிலையத்தில் மின்விசிறிகள் ஓய்வதே இல்லை. அந்த இரைச்சலில் அவனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஒரு இரவு எழுந்து போய் மூலையில் இருக்கும் விசிறி ஒன்றை அணைத்துவிடுகிறான். அந்த மூலையில் தூங்குபவன் பாறை. எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழாது, குளிர்ந்தது கீழே இறங்காது. விசிறி ஓடாவிட்டால் தூங்குபவன் விட்ட மூச்சு அவன் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். செவியன் படுக்கைக்குத் திரும்பி, அமைதியில் கண்ணை மூடுகிறான். அப்போது பாறையின் மூச்சு கேட்கிறது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இழுத்து இழுத்து. நான்கு படம் முழுக்க மூச்சொலி மட்டும்தான், வசனம் கிடையாது. ஐந்தாவது படத்தில் செவியனின் விரல் விசிறிப் பொத்தானில் இருக்கிறது. அன்றிரவு முழுக்க அவன் தூங்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

தீபாவளிக்கு முறுக்கு சாப்பிடலாமா?

கடித்தால் உதிரும் துகள் கீழே விழாது. கண்ணில் போகும், மூக்கில் போகும், விசிறி வலையில் போய் அடைக்கும். அதனால்தான் அங்கே ரொட்டிக்குப் பதில் உதிராத டார்ட்டியா எடுத்துப் போகிறார்கள், உப்பையும் மிளகையும் திரவமாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் கதையில் தீபாவளிக்கு முறுக்கு இல்லை. உருண்டை பிடித்து முழுதாக வாயில் போட்டுக்கொள்ளும் நெய்யுருண்டை உண்டு. அதையும் உதிராமல் பிடிக்கத் தெரிந்தவள் வேங்கை அணியில்தான் இருக்கிறாள்.

பெருநாள் உணவை விண்வெளியில் பகிர்ந்த மலேசியர் உண்மையிலேயே உண்டு. எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபார் ஷுக்கோர் 2007 அக்டோபர் 10இல் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் புறப்பட்டு நிலையத்துக்குப் போனார். ரமலான் முடிந்து நோன்புப் பெருநாள் அங்கேயே வந்தது. கொண்டுபோன சாத்தேயையும் பிஸ்கட்டையும் மற்ற வீரர்களோடு பகிர்ந்துகொண்டார். அந்தப் பயணத்துக்கான தேர்வில் கடைசி நால்வரில் ஒருவராக வந்தவர் சிவா வனஜா என்ற தமிழ்ப் பெண் பொறியாளர். பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தலைவர் யார்?

மாறி மாறி வருவார்கள். நிஜ நிலையத்திலும் அப்படித்தான். 1998இல் 15 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி அவரவர் பதிவு செய்த பகுதி அவரவர் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனாலும் மேலே தளபதி என்று ஒருவர்தான் இருப்பார்.

சண்டைக் காட்சியே இல்லையா?

உண்டு, ஆனால் குத்து இல்லை. மெல்லிய உலோகச் சுவருக்கு அந்தப் பக்கம் வெற்றிடம் இருக்கும்போது யாரும் கையை ஓங்கக்கூடாது. சண்டை வேறு மாதிரி வரும். 2018 ஆகஸ்டில் நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. காற்று கசிந்துகொண்டிருந்தது. பிசினும் துணியும் வைத்து வீரர்கள் அடைத்தார்கள். அதன் பிறகு அதை யார் போட்டது என்று பூமியில் நாடுகளுக்கிடையே பழிச்சொல் கிளம்பியது. எங்கள் ஒன்பதாவது அத்தியாயமும் ஒரு சின்ன ஓட்டைதான். அடைக்கப் பத்து நிமிடம் ஆகிறது. யார் மேல் பழி என்பது முப்பது பக்கம் ஓடுகிறது. படித்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தோம் என்கிறார்கள்.

வில்லன்?

இல்லை.

விண்வெளிக் கதைக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருப்பதால்தான் இந்தக் கதையையே தொடங்கினோம். தோட்டம் விற்கப்பட்டு, லைன் இடிக்கப்பட்டு, தலைமுறையாகப் போட்டி போட்டுக்கொண்டிருந்த இரண்டு தோட்டத்து மக்கள் ஒரே அடுக்குமாடியில் வந்து விழுவது நம் நாட்டில் நடந்த கதை. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா கட்டப்பட்டபோது பிராங் பெசார் உட்பட நான்கு தோட்டத்து மக்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதனதன் கோயில், அதனதன் திருவிழா, அதனதன் பந்துக்குழு. எல்லாம் ஒரே படிக்கட்டில் இறங்கி ஏறினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

சுங்கை சிப்புட்டுக்கு இன்னொரு நினைவும் உண்டு. இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கித்தா மரத்தில் பால் வெட்டியவர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். நம் ஆட்கள் இருக்க இடமில்லாமல் நின்ற கதையும் உண்டு, சேர்ந்து இடம் வாங்கிய கதையும் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோம். வரலாற்றுப் பாடமாகச் சொன்னால் காதில் ஏறாதது, கனலியும் இறகனும் ஒரே கழிவறைக்கு வரிசையில் நிற்கும்போது ஏறுகிறது.

நிஜ நிலையத்தை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். அதன் பாதை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் 51.6 பாகை வரை போய்வருவதால் நம் தலைக்கு மேலும் வரும். விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்த பிறகோ, மேற்குப் பக்கமிருந்து கிழக்குப் பக்கமாகச் சிமிட்டாமல் நகரும் பிரகாசமான வெளிச்சம் அது. சிமிட்டினால் விமானம். அதிகபட்சம் ஆறு நிமிடம் போல தெரியும். செம்பனைக்குள் நின்றால் மட்டை மறைக்கும், திடலுக்கு வந்துவிடுங்கள். எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்பதை நாசாவே வெளியிடுகிறது.

இதனால் படிப்பு கெடாதா?

கெடவில்லை. அம்மோனியா என்றால் என்ன, மூச்சில் என்ன வெளியேறுகிறது என்று ஆசிரியரிடம் போய்க் கேட்கிறார்கள்.

கதை எப்படி முடியும்?

பிள்ளைகள் இன்னும் தீர்மானிக்கவில்லை. நிஜ நிலையத்துக்கு ஒரு திட்டம் இருக்கிறது. 2030 வரை இயக்கிவிட்டு, பிறகு கட்டுப்பாட்டோடு காற்றுமண்டலத்தில் இறக்கி, எரியாமல் மிஞ்சுவதை ஆள் நடமாட்டமில்லாத கடலில் விழச் செய்ய எண்ணியிருக்கிறார்கள். அதற்கான கலத்தைச் செய்யும் ஒப்பந்தத்தை 2024இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். நம் கதையிலும் வீடு ஒரு நாள் இடிபடும் என்பதில் எல்லாருக்கும் ஒப்புதல். பத்துப் பேரும் அடுத்த வீட்டைச் சேர்ந்தே கேட்பார்களா, ஆளுக்கொன்று கேட்பார்களா என்பதில்தான் இரண்டு கட்சி. பெரியவர்கள் இதில் வாய் திறக்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள்.

என் பிள்ளை புதிய ஆளைக் கதையில் சேர்க்கலாமா?

தாராளமாக. மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வர வேண்டும்: ஒரு சக்தி, வீட்டில் அவர் செய்யும் ஒரு வேலை, அவர் செய்யவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு வேலை. நிஜ நிலையத்தில் சனிக்கிழமை வீடு துடைக்கும் நாள், எல்லாரும் விசிறி வலையில் ஒட்டிய தூசியை உறிஞ்சியெடுக்கிறார்கள். அந்த வேலைக்கு எங்களிடம் இன்னும் ஆள் இல்லை. அதைச் செய்யும் சூப்பர் ஹீரோவோடு வரும் பிள்ளைக்குப் பதினோராவது படுக்கைப் பை தயாராக இருக்கிறது. தாளும் வண்ணமும் நாங்கள் கொடுப்போம், பென்சில் மட்டும் கொண்டுவாருங்கள்.